திருகுக்கு விலை கேட்கிறீர்கள்... அளவுக்கு நேரம் கொடுக்கிறீர்களா?

'சித்த வைத்தியருக்கும் பல் இம்ப்ளான்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு வைப்பது என் வேலை இல்லை. அது பல் மருத்துவரின் வேலை. ஆனால், அந்தத் திருகின் மேல் மாட்டிய பல் ஆட ஆரம்பித்த பிறகு, "ஈறு கெட்டிப்பட ஏதாவது சூரணம் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் என்னிடமும் வருகிறார்கள். அந்த வகையில் எனக்கும் இதில் சம்பந்தம் வந்துவிடுகிறது.

வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இம்ப்ளான்ட் வெச்சு, புண் ஆறினதுக்கு அப்புறம், மேலே பல் செய்ய அளவு எடுத்தாங்களே... அதை எப்படி எடுத்தாங்க?"

பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. திருகு எந்த நாட்டுக் கம்பெனி என்று தெரியும். ஒரு பல்லுக்கு என்ன விலை, எத்தனை வருஷம் காரண்டி, எந்தக் கடன் அட்டையில் தவணை என்பதெல்லாம் தெரியும். அளவு எடுத்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஏதோ மாவு மாதிரி வெச்சு எடுத்தாங்க சார்... அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்ப்ளான்ட் சிகிச்சையில் நாம் மிகக் குறைவாக மதிக்கிற கட்டம், அளவெடுப்பு. அங்கே ஒரு முடி அளவு பிசகினாலும் அதைச் சூரணமும் சரி செய்யாது, மாத்திரையும் சரி செய்யாது. ஆகவே அந்த நாளில் அவசரப்படுத்தாதீர்கள். தேவைப்பட்டால் இரண்டாவது முறை அளவு எடுக்கவும் மனசார சம்மதியுங்கள்.

இயற்கைப் பல் மன்னிக்கும்... திருகு மன்னிக்காது!

இது ஏன் என்று புரிய வேண்டுமானால், உங்கள் சொந்தப் பல் எலும்பில் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஆணி அடித்த மாதிரி அது எலும்பில் இறுகியிருப்பதாக நாம் நினைக்கிறோம். இல்லை. பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய நார்த் திசு இருக்கிறது. அந்த நார்களில்தான் பல் தொங்கிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் முறுக்கைக் கடிக்கும்போது பல் லேசாக உள்ளே அமுங்கி, விட்டதும் திரும்பி வரும். 25 முதல் 100 மைக்ரான் வரை அப்படி அசையும். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான்தான்.

இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார் கிடையாது. எலும்பு நேராக டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கடிக்கும்போது கீழ்நோக்கி அது அசைவது வெறும் 3 முதல் 5 மைக்ரான்.

இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. சொந்தப் பல்லின் மேல் போட்ட கேப் இம்மியளவு பிசகியிருந்தால், பல் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிடும். பல்லுக்குக் கம்பி கட்டினால் அது நகர்வதும் அந்த நாரின் தயவால்தான். எலும்போடு ஒட்டிய திருகோ நகராது. அதனால்தான் கம்பி கட்டும் மருத்துவர்களே, மற்ற பற்களை இழுப்பதற்குச் சின்னத் திருகுகளை எலும்பில் வைத்து நங்கூரமாகப் பயன்படுத்துகிறார்கள்!

இரண்டு மூன்று இம்ப்ளான்ட்களைச் சேர்த்து ஒரே பாலமாகப் பல் கட்டும்போது சிக்கல் இன்னும் கூடும். பாலம் சரியாக உட்காரவில்லை என்றாலும் ஸ்க்ரூவை முடுக்கினால் உட்கார்ந்த மாதிரி தெரியும். ஆனால், அப்படி இழுத்துப் பிடித்த இறுக்கம் அங்கேயே தங்கிவிடுகிறது. நீங்கள் சாப்பிடாத நேரத்திலும், தூங்குகிற நேரத்திலும் அது அந்த ஸ்க்ரூவை இழுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் ஸ்க்ரூ தளரும். சில சமயம் உடையும். மேலே இருக்கிற பீங்கான் சிதறும். இடுக்கில் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கும்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அளவுப் பிசகால் மட்டுமே எலும்பு கரையுமா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் ஸ்க்ரூ தளர்வதும், உடைவதும், திரும்பத் திரும்பக் கிளினிக்குக்கு அலைவதும் உண்மை. அந்த அலைச்சல் போதாதா?

பல் டாக்டர் இல்லாதவர் கண்டுபிடித்தது

இந்தச் சிகிச்சையின் பிதாமகர் ஸ்வீடன் நாட்டு பிரோனமார்க். அவர் பல் டாக்டர் இல்லை. எலும்பையும் ரத்த ஓட்டத்தையும் ஆராய்ந்த மருத்துவர். 1952-ல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965-ல் முதல்முறையாக ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் திருகுகளை வைத்தார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன.

40 வருஷம் உழைக்கக்கூடிய பொருளை நாம் 2 வருஷத்தில் ஆட வைக்கிறோம் என்றால், பழியைத் திருகின் மேலேயே போடலாமா? சர்க்கரை நோய், புகை, பல் சுத்தம் இல்லாமை என்று காரணங்கள் பல உண்டு. அவற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அளவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அளவு எடுப்பதில் இரண்டு வழி

திருகு வைத்து மூன்று மாதம், ஆறு மாதம் என்று எலும்பு ஒட்டுவதற்கு விடுகிறார்கள். பிறகு அதன் மேல் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன உலோகத் துண்டை மாட்டுவார்கள். ஈறுக்குள் திருகு எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று வெளியே காட்டுகிற அடையாளக் குச்சி அது. பிறகு அச்சுப் பொருள் நிரப்பிய ட்ரேயை வாயில் வைத்து எடுப்பார்கள். இதில் இரண்டு முறை உண்டு.

முதலாவது, மூடிய ட்ரே முறை. அச்சு எடுத்த பிறகும் குச்சி வாயிலேயே நிற்கும். அதைத் தனியாகக் கழற்றி, அச்சில் இருக்கும் குழியில் கையால் திருப்பி வைப்பார்கள். சுலபம், வேகம். ஆனால் திருப்பி வைக்கும்போது இம்மி திரும்பினாலும் அந்தப் பிசகு அப்படியே பல்லில் வந்துவிடும்.

இரண்டாவது, திறந்த ட்ரே முறை. ட்ரேயில் ஒரு ஜன்னல் இருக்கும். அதன் வழியாகக் குச்சியின் ஸ்க்ரூ வெளியே தெரியும். அச்சு இறுகியதும் முதலில் ஸ்க்ரூவைக் கழற்றி, பிறகு ட்ரேயை எடுப்பார்கள். குச்சி அச்சோடு சேர்ந்தே வரும். திருப்பி வைக்கிற வேலை கிடையாது.

எது நல்லது? எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. ஒன்று முதல் மூன்று இம்ப்ளான்ட் வரை இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. நான்கு, அதற்கு மேல் என்று போகும்போது திறந்த ட்ரேயின் பக்கம் தராசு சாய்கிறது. அப்போதும் குச்சிகளைத் தனித்தனியே விடாமல், ஒன்றோடு ஒன்று ரெசினால் கட்டி எடுப்பது மேல். அந்த ரெசின் இறுகும்போது சுருங்கும் குணம் உள்ளது. எனவே கட்டியதை நடுவில் மெல்லியதாக அறுத்து, சுருங்கி முடிந்த பிறகு மறுபடி ஒட்டித்தான் அச்சு எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. "என்ன டாக்டர், இவ்வளவு நேரம்?" என்று நீங்கள் வாட்ச்சைப் பார்க்கிறீர்களே, அந்த நேரத்தில் நடப்பது இதுதான்!

வாய் முழுசாகத் திறக்காதவர்களுக்கு - முக்கியமாகப் பாக்கு, பான் போட்டுக் கன்னம் இறுகியவர்களுக்கு - கடைவாயில் திறந்த ட்ரே முறை கஷ்டம். நீளமான ஸ்க்ரூவைக் கழற்ற இடம் இருக்காது. அவர்களுக்கு மூடிய ட்ரேயோ வேறு வழியோதான். ஆக, முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் உங்கள் பல் மருத்துவர். 'எனக்கு ஏன் இந்த முறை?' என்று கேட்க வேண்டியவர் நீங்கள்.

கந்தகமும் கல்மாவும்

குணபாடம் படித்த எங்களுக்கு எடையின் அருமை நன்றாகத் தெரியும். குன்றிமணி எடை கூடினாலும் குறைந்தாலும் மருந்தின் குணம் மாறும். புடத்துக்கு வறட்டி எண்ணி வைப்போம். அந்தக் கண்ணோடு பார்த்தால் பல் லேபில் நடக்கிற வேலையும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

'மாவு' என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. நம் ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கிற பாசிகளில் அந்த வகையும் உண்டு. நல்ல பொருள்தான். ஆனால் ஈரம் வற்றினால் சுருங்கும், தண்ணீரில் போட்டால் ஊதும். எதிர்த்தாடையின் அச்சுக்கும், ஆரம்ப அளவுக்கும் அது போதும். இம்ப்ளான்ட்டின் கடைசி அளவுக்கு அது போதாது. அதற்கு ரப்பர் போல இறுகும் பாலிஈதர் அல்லது சிலிக்கான் வேண்டும்.

சிலிக்கானுக்கும் ஒரு பத்தியம் உண்டு தெரியுமா? லேடெக்ஸ் கையுறையில் இருக்கும் கந்தகம் பட்டால் சில வகை சிலிக்கான் சரியாக இறுகாது. காலமெல்லாம் கந்தகத்தைச் சுத்தி செய்கிற எனக்கு இது சுவாரசியமான செய்தி. அச்சில் ஊற்றுகிற கல்மாவு எது? ஜிப்சம். எங்கள் குணபாடத்தில் கற்பூர சிலாசத்து என்று வருவதும் அதுதான். மாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் மாறினால் அது இறுகும்போது விரிகிற அளவும் மாறும். கண்திட்டத்தில் கலக்கக் கூடாது, நிறுத்துத்தான் கலக்க வேண்டும்.

இத்தனை படிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பிசகு என்றால், எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'கேமராவில் எடுத்துட்டா போச்சு!'

இப்போது வாய்க்குள் கேமரா விட்டு ஸ்கேன் எடுத்தே பல் செய்கிறார்கள். மாவு இல்லை, குமட்டல் இல்லை. ஒன்றிரண்டு பல்லுக்கு இது பழைய முறைக்குச் சமமாகவே நிற்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

ஆனால் பல்லே இல்லாத முழுத் தாடை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் கருவி சின்னச் சின்னப் படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று தைத்துக்கொண்டே போகிறது. பல் இருந்தால் அது அடையாளம். வழவழவென்ற ஈறில் அடையாளம் ஏது? ஒவ்வொரு தையலிலும் வருகிற சிறு பிசகு, தாடையின் மறுகோடிக்குப் போவதற்குள் சேர்ந்துவிடும். எச்சிலும் நாக்கும் வேறு குறுக்கே வரும். இதற்கென்றே வாய்க்கு வெளியிலிருந்து எல்லா இம்ப்ளான்ட்களின் இடத்தையும் பதிவு செய்கிற தனிக் கேமராக்களும் வந்திருக்கின்றன. ஆகவே, 'டிஜிட்டல்' என்று போர்டில் எழுதியிருப்பதாலேயே அளவு சரி என்று அர்த்தம் இல்லை. எந்தக் கருவியில் எடுத்தாலும், வாயில் வைத்துச் சரிபார்த்தார்களா என்பதே கேள்வி.

சூரணத்தால் ஆகாதது

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். கீழே இரண்டு இம்ப்ளான்ட், அதன் மேல் மூன்று பல் பாலம். ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது. "ஈறு பலம் இல்லைன்னு நினைக்கிறேன் டாக்டர். கடுக்காய், மாசிக்காய் போட்டு ஒரு பொடி பண்ணிக் கொடுங்களேன்" என்றார்.

வாயைப் பார்த்தேன். ஈறு அப்படி ஒன்றும் மோசமில்லை. "அளவு எடுத்த அன்னிக்கு என்ன நடந்தது, சொல்லுங்கம்மா" என்றேன். மகளுக்கு வளைகாப்பாம். பல் டாக்டர், "அச்சு எனக்குத் திருப்தியா இல்ல. இன்னொரு நாள் வாங்க, திரும்ப எடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். இந்த அம்மாதான், "பரவாயில்லை டாக்டர், அதையே வெச்சு செஞ்சுடுங்க" என்று வற்புறுத்தியிருக்கிறார். அவரும் செய்துவிட்டார்.

நான் பொடி கொடுக்கவில்லை. அவரிடமே திரும்பிப் போய்ப் பாலம் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பாலத்தை எடுத்துவிட்டு, புதிதாக அளவு எடுத்து, புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. செலவு இரண்டாம் முறை. பல் டாக்டர் தன் மறுப்பில் உறுதியாக நின்றிருக்கலாம். அந்த அம்மா ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். இரண்டு பேர் பக்கமும் தவறு இருக்கிறது என்பதுதான் என் தீர்ப்பு.

என் சக வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. திரிபலா கஷாயத்தில் வாய் கொப்பளிக்கலாம், வாய் சுத்தத்துக்கு நல்லது. ஆனால் தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்குகிற மூலிகை எந்தக் காட்டிலும் முளைக்கவில்லை. ஆடுகிற இம்ப்ளான்ட்டுக்குப் பொடி கொடுத்து மூன்று மாதம் ஓட்டினால், அந்த மூன்று மாதத்தில் சீழ் பிடித்து எலும்பு போகவும் வாய்ப்பு உண்டு. நோயாளி நம் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை அதற்கா பயன்படுத்துவது?

நீங்கள் செய்ய வேண்டியது

* அளவு எடுக்கிற நாளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்று தேதி குறித்துவிட்டுப் போய் உட்காராதீர்கள்.

* வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். குமட்டல் வரும். மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள். குமட்டும் வழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* "அடையாளக் குச்சி முழுசா உட்கார்ந்திருக்கான்னு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். குச்சியே பாதியில் நின்றால் மிச்சமெல்லாம் வீண்.

* கீழ்த்தாடையில் பல இம்ப்ளான்ட் இருந்தால், அச்சு இறுகும்போது வாயை அளவுக்கு மீறி அகலமாகத் திறக்காதீர்கள். அகலத் திறந்தால் தாடை எலும்பே மிகச் சிறிதளவு வளைந்துகொடுக்கும்.

* பாலமாகச் செய்கிறார்கள் என்றால், பல் முடிவதற்கு முன் சட்டத்தை மட்டும் வாயில் வைத்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். ஒரு ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் முடுக்கிப் பார்ப்பது ஒரு சோதனை. மறு ஓரம் தூக்கிக்கொண்டால் அளவு பிசகு என்று அர்த்தம்.

* மாட்டும்போது இறுக்கமாக, பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். 'போகப் போகச் சரியாயிடும்' என்பது சொந்தப் பல்லுக்கு ஓரளவு பொருந்தும். இம்ப்ளான்ட்டுக்குப் பொருந்தாது. ஆனால், இம்ப்ளான்ட்டில் நார் உணர்வு இல்லாததால் வலியே தெரியாமலும் இருக்கலாம். அதனால் சோதனையை நம்புங்கள்.

* மாட்டிய பிறகு செங்கல் தூள், சாம்பல், கரித்தூள் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். டைட்டானியத்தைக் கீறிவிடும். கீறலில் அழுக்கு சேரும்.

* ஆட்டம் தெரிந்தால் முதலில் பல் மருத்துவர். பிறகுதான் என்னைப் போன்றவர்கள்.

'தினமும் கூலிக்குப் போகிறவன் எத்தனை தடவை வர முடியும்?' என்று ஒருவர் கேட்டார். அவர் கஷ்டம் நிஜம். பல் மருத்துவர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாளே, "மொத்தம் இத்தனை தடவை வரணும், ஒருவேளை அளவு திரும்ப எடுக்க வேண்டி வரலாம்" என்று சொல்லிவிட்டால், நோயாளி தயாராக வருவார். சொல்லாமல் விட்டால் இரண்டாம் அளவு அவருக்கு ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். உண்மையில், "இந்த அச்சு சரியில்லை, திரும்ப எடுக்கலாம்" என்று சொல்கிற டாக்டர்தான் உங்கள் பணத்துக்குக் காவல். அவரைச் சந்தேகப்படாதீர்கள். கும்பிட்டுவிட்டு, மறுபடி வாயைத் திறங்கள்!